எந்த ஒயர் எந்த வாசல்?

கம்ப்யூட்டர் காவல்காரருக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம்

உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு காவல்காரர் வருகிறார். நல்ல பலசாலி. இரவிலும் தூங்கமாட்டார். லஞ்சம் வாங்கமாட்டார். "அந்நியரை உள்ளே விடாதே" என்று சொல்லிவிட்டால், ஈ எறும்பைக்கூட விடமாட்டார்.

ஆனால், அவரிடம் ஒரு குறை உண்டு. எது வீடு, எது தெரு என்று அவருக்குத் தெரியாது!

நாம் சரியாகக் காட்டிக்கொடுத்தால் வீட்டைக் காப்பார். மாற்றிக் காட்டிவிட்டால்? வீட்டுக்காரரை மடக்கி நிறுத்துவார். தெருவில் போகிறவனுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

இப்படிப்பட்ட காவல்காரர் இன்று ஆபீசுகளில் இருக்கிறார். ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார். பள்ளிக்கூடங்களிலும் இருக்கிறார். அவர் மனிதர் அல்ல. மேஜைமேல் வைக்கக்கூடிய ஒரு சிறிய பெட்டி. அதன் பெயர் "பயர்வால்".

அந்தப் பெட்டிக்கு வாசல்களைக் காட்டிக்கொடுப்பது எப்படி? எங்கே தவறு நேருகிறது? தவறினால் என்ன ஆகும்? வாருங்கள், பார்ப்போம்.

நெருப்புச் சுவர்

"பயர்" என்றால் நெருப்பு. "வால்" என்றால் சுவர்.

வீடுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டும் ஊர்களில், ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க, நடுவில் தடித்த சுவர் எழுப்புவார்கள். அதற்குத்தான் முதலில் இந்தப் பெயர். மோட்டார் காரிலும் என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு உண்டு. அதையும் இப்படித்தான் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர்களுக்கு இந்தச் சுவர் எதற்கு?

1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பவர், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவிச் செல்லும் ஒரு "புழு"வை எழுதி, இன்டர்நெட்டில் விட்டுவிட்டார். புழு என்றால் உயிருள்ள புழு அல்ல. கட்டளைகளின் தொகுப்பு. அப்போது இன்டர்நெட்டில் இருந்தவை ஏறக்குறைய 60,000 கம்ப்யூட்டர்கள்தான். அவற்றில் சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் திணறி நின்றன என்று கணக்கிட்டார்கள்.

மாரிசுக்குக் கோர்ட்டில் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

ஒரு வீட்டில் பிடித்த தீ ஊரெல்லாம் பரவும் என்பதை அன்றுதான் கம்ப்யூட்டர் உலகம் நேரில் கண்டது. நடுவே சுவர் வேண்டும் என்ற எண்ணம் அதன்பிறகு வலுத்தது.

எல்லாத் துளைகளும் ஒன்றுபோல!

பயர்வால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் வரிசையாகத் துளைகள் இருக்கும். இரண்டு இருக்கலாம். நான்கு, ஆறு என்றும் இருக்கலாம். ஒயரைச் செருகும் இந்தத் துளையைப் "போர்ட்" என்பார்கள்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எதில் எந்த ஒயரைச் செருகினாலும் "கிளிக்" என்று உட்கார்ந்துகொள்ளும். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

ஓர் ஒயர் தெருவிலிருந்து, அதாவது இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வருகிறது. இன்னொரு ஒயர் நம்முடைய கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. எது எது என்பதைப் பெட்டி தானாக அறியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும்.

விலைக்கு வாங்கும் பயர்வால்கள் பல உண்டு. இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவல் காஸ்பர் என்பவர் 2003-ல் "மோனோவால்" என்ற ஒன்றை எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று கொடுத்தார். அதிலிருந்து 2004-ல் "பி.எப்.சென்ஸ்" பிறந்தது. அதிலிருந்து பிரிந்து 2015-ல் "ஓ.பி.என்.சென்ஸ்" வந்தது. சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு போர்ட்டுகள் இருந்தால் போதும். அதையே பயர்வாலாக மாற்றிவிடலாம். சின்ன ஆபீசுகளும் மாணவர்களும் விரும்பி வைத்துக்கொள்வது இவற்றைத்தான். பி.எப்.சென்சையே நாம் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஒயரைச் செருகு, விளக்கு எரியும்!

பெட்டியை முதல் தடவை முடுக்கியதும் அது ஒரு கேள்வி கேட்கும்: "வேன் எது?"

சாமான் ஏற்றும் வேன் என்று நினைத்துவிடாதீர்கள்! வெளியுலகத்துக்குப் போகும் வாசலுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் அது. உள்பக்க வாசலுக்குப் பெயர் "லேன்". வேன் என்றால் தெரு வாசல். லேன் என்றால் வீட்டு வாசல். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

போர்ட்டுகளுக்குப் பெட்டி தானே சில பெயர்களை வைத்திருக்கும். இன்டெல் கம்பெனி செய்த போர்ட் என்றால் "ஐ.ஜி.பி. 0", "ஐ.ஜி.பி. 1" என்று இருக்கலாம். ரியல்டெக் கம்பெனி செய்தது என்றால் "ஆர்.இ. 0" என்று இருக்கும். கணக்கு 1-ல் தொடங்காது, 0-வில் தொடங்கும்! பெட்டியின் முதுகில் "1" என்று அச்சடித்திருக்கும் துளை, பெட்டியின் கணக்கில் "0" ஆக இருக்கலாம். புதிதாக வேலை கற்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட வேண்டும். பெட்டி "வேன் எது?" என்று கேட்கும்போது, "நீயே கண்டுபிடி" என்பதற்கு அடையாளமான எழுத்தைத் தட்ட வேண்டும். பிறகு, தெருவிலிருந்து வரும் ஒயரை மட்டும் செருக வேண்டும். துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். எந்தத் துளைக்கு உயிர் வந்தது என்று பெட்டி பார்த்துக்கொள்ளும். "வேன் இதுதான்" என்று குறித்துக்கொள்ளும்.

அடுத்து "லேன் எது?" என்று கேட்கும். அதற்கும் அப்படியே செய்ய வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு "இது வலது கை, இது இடது கை" என்று தொட்டுக்காட்டுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

இரண்டும் மாறிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஆபீசில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் வராது. அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை வேறு. பெட்டியை ஆட்டிவைக்கும் நிர்வாகப் பக்கம், உள்ளே இருப்பவர்களுக்காக என்று திறந்துவைக்கப்பட்டது. அது இப்போது தெருவைப் பார்த்துத் திறந்து நிற்கும்!

வாசலுக்கு ஒரு விலாசம்

வாசலைக் காட்டியாகிவிட்டது. அடுத்து ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விலாசம் எழுத வேண்டும். விலாசம் இல்லாத வீட்டுக்குத் தபால் வராது அல்லவா?

இன்டர்நெட் விலாசம் என்பது நான்கு எண்கள். நடுநடுவே புள்ளி வைத்து எழுதுவார்கள். உதாரணம்: 192.168.1.1. பி.எப்.சென்ஸ் பெட்டி தன் உள்வாசலுக்கு முதலில் வைத்துக்கொள்ளும் விலாசம் இதுதான்.

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. இதே விலாசம் உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். ஜப்பானில் ஒரு வீட்டிலும் இருக்கலாம்! 1996-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஒரு விதிப்படி, மூன்று எண் கூட்டங்கள் "வீட்டுக்குள் மட்டும்" என்று ஒதுக்கிவைக்கப்பட்டன. 10 என்று தொடங்கும் சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள் முதல் கூட்டம். 172 என்று தொடங்குபவற்றில் ஒரு பகுதி இரண்டாவது கூட்டம். 192.168 என்று தொடங்கும் 65,536 எண்கள் மூன்றாவது கூட்டம்.

வீட்டில் "பெரியவன்", "சின்னவன்" என்று கூப்பிடுகிறோம். எல்லா வீட்டிலும் ஒரு பெரியவன் இருக்கிறான். குழப்பம் வருவதில்லை. தபால்காரரிடம் மட்டும் அந்தப் பெயர் செல்லாது. இந்த எண்களும் அப்படித்தான். தெருவில் செல்லாது.

ஆகையால் பயர்வாலுக்கு ஒரு நல்ல உபாயம் சொல்லித்தரலாம். தெரு வாசலில் வந்து நின்றுகொண்டு ஒருவன், "நான் இந்த வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வருகிறேன்" என்றால் நம்பலாமா? வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டு தெருப் பக்கமாக வருவதை எல்லாம் விரட்டிவிடு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அடையாளம் போட்டுவைத்தால் போதும்.

தெரு வாசலின் விலாசத்தை நாம் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. இன்டர்நெட் கம்பெனி கொடுப்பதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சில கம்பெனிகள் தானாகக் கொடுக்கும். சில கம்பெனிகள் பயனர் பெயரும் ரகசியச் சொல்லும் கேட்டுக் கொடுக்கும். நிலையான ஒரே எண்ணை எழுதிக் கொடுப்பவையும் உண்டு. எந்த விதம் என்று முதலில் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்று தவறுகள்

அடிக்கடி நேரும் தவறுகள் மூன்று.

முதல் தவறு: இரண்டு வாசலுக்கும் ஒரே தெருப் பெயர். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த மோடமும் 192.168.1.1 என்று இருக்கும். நம் பயர்வாலின் உள்வாசலும் 192.168.1.1 என்று இருக்கும். இந்தப் பக்கமும் காந்தி தெரு, அந்தப் பக்கமும் காந்தி தெரு என்றால் தபால்காரர் என்ன செய்வார்? பெட்டி திகைத்துப்போகும். இன்டர்நெட் வராது. பரிகாரம் சுலபம். உள்பக்கத்தை 192.168.50.1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது தவறு: சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண். விலாசத்தை 192.168.50.1/24 என்று எழுதுவார்கள். அந்த 24 எதற்கு? விலாசத்தின் நான்கு எண்களும் சேர்ந்து 32 சின்ன ஸ்விட்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் முதல் 24 தெருவின் பெயர். மீதி 8 வீட்டு எண். 8 ஸ்விட்சுகளை 256 விதமாகப் போடலாம். அதில் இரண்டை ஒதுக்கிவிட்டால், தெருவில் 254 வீடுகளுக்கு இடம் உண்டு. கவனக்குறைவாக 24-க்குப் பதிலாக 32 என்று விட்டால்? 32-ம் தெருப் பெயருக்கே போய்விடும். வீட்டு எண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. பெட்டி, "இந்தத் தெருவில் நான் ஒருவன்தான்" என்று தனியாக உட்கார்ந்திருக்கும். எழுதிய விலாசம் சரிதான். ஆனால் பக்கத்துக் கம்ப்யூட்டர்கூட அதோடு பேச முடியாது!

மூன்றாவது தவறு: "வெளியேறும் வழி எது?" என்ற கேள்வி. இதற்குத் தெரு வாசலில் மட்டும் பதில் சொல்ல வேண்டும். உள்வாசலில் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். காலி இடத்தைக் கண்டால் நமக்கு மனது கேட்காது. பரீட்சையில் விடை எழுதுவதுபோல ஏதாவது எழுதிவிடுகிறோம். உடனே பெட்டி, "ஓகோ, இதுவும் தெரு வாசல்தான் போலிருக்கிறது" என்று எண்ணிக்கொண்டு, உள்வாசலையும் தெரு வாசல் மாதிரியே நடத்தத் தொடங்கும்.

மூன்றாவது வாசல்

மூன்றாவதாக ஒரு வாசலும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு சரித்திரப் பெயர் உண்டு. "டி.எம்.இசட்." அதாவது, படைகள் நிற்கக் கூடாத பகுதி.

1953-ம் ஆண்டு ஜூலை மாதம் கொரியாவில் சண்டை நின்றபோது, வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நடுப் பகுதி ஒதுக்கப்பட்டது. யுத்தக் கைதிகளைப் பாதுகாக்க நம் இந்தியப் படையினரும் அங்கே போய் இருந்தார்கள். ஜெனரல் திம்மையா அந்தக் கைதிகள் பற்றிய நடுநிலை நாடுகளின் கமிஷனுக்குத் தலைவராக இருந்தார்.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு நடுப் பகுதி வேண்டியிருக்கிறது. ஒரு கம்பெனியின் விளம்பரப் பக்கத்தை வெளியார் வந்து பார்க்க வேண்டும். அதற்காக அவர்களைக் கணக்குப்பிள்ளையின் அறை வரை விடலாமா? திண்ணையில் உட்காரவைத்துப் பேசி அனுப்புவதுதான் முறை. அந்தத் திண்ணைதான் மூன்றாவது வாசல்.

வீடுகளில் இப்போது காமிரா வந்துவிட்டது. டெலிவிஷனும் இன்டர்நெட்டில் ஓடுகிறது. இவற்றுக்கும் திண்ணைதான் நல்ல இடம். 2016-ல் "மிராய்" என்ற ஒரு புழு லட்சக்கணக்கான காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டது. அவற்றின் பூட்டை அது உடைக்கவில்லை. கம்பெனி வைத்து அனுப்பிய ரகசியச் சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். 60-க்கு மேற்பட்ட அப்படிப்பட்ட சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்துகொண்டது!

மூன்றாவது வாசலை வைக்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். பி.எப்.சென்சில் முதல் உள்வாசலுக்கு "வெளியே போகலாம்" என்ற அனுமதி தானாகவே இருக்கும். புதிதாகத் திறக்கும் வாசலுக்கு அப்படி ஓர் அனுமதியும் இராது. எல்லாம் தடைதான். "பெட்டி பழுது" என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். பழுது இல்லை. உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கிறது.

அப்போது அவசரப்பட்டு, "எல்லோரும் எங்கும் போகலாம்" என்று எழுதிவிடக் கூடாது. அப்படி எழுதினால் திண்ணைக்கும் வீட்டுக்கும் நடுவே கதவே இல்லை என்று ஆகிவிடும். முதல் வரியில், "வீட்டுக்குள் போகக் கூடாது" என்று எழுத வேண்டும். அடுத்த வரியில், "மற்ற இடங்களுக்குப் போகலாம்" என்று எழுத வேண்டும். பெட்டி மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

4 கோடி பேர் அட்டை போயிற்று

"இவ்வளவு ஜாக்கிரதை வேண்டுமா?" என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவில் "டார்கெட்" என்ற பெரிய கடைகள் உண்டு. 2013-ம் ஆண்டு பண்டிகைக் காலம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை அங்கே சாமான் வாங்கியவர்களின் பாங்கு அட்டை விவரங்களைத் திருடர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 4 கோடி அட்டைகள்! அதோடு 7 கோடி பேரின் பெயர், விலாசம் போன்ற விவரங்களும் போயின.

திருடர்கள் எந்த வழியாக வந்தார்கள்? அந்தக் கடைகளில் குளிர்சாதன வேலை செய்த ஒரு காண்டிராக்டருக்குக் கொடுத்திருந்த நுழைவுச் சொல்லைத் திருடிக்கொண்டு வந்தார்கள். அது பில் முதலிய சில்லறை வேலைகளுக்காகக் கொடுத்த சொல். அதை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, பணம் வாங்கும் கல்லா மேஜை வரை போய்விட்டார்கள்!

கடையில் காவல் கருவிகள் இல்லையா? இருந்தன. எச்சரிக்கையும் வந்தது. கவனிப்பார் இல்லை. முக்கியமான பகுதிகளைச் சரியாகப் பிரித்துவைக்கவில்லை என்று 2014 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு ஒன்றுக்காக எழுதப்பட்ட அறிக்கை குறைகூறியது. அந்த ஆண்டு மே மாதம் கம்பெனியின் தலைவர் பதவி விலகினார். 2017-ல் 47 மாநிலங்களுக்கும் தலைநகரப் பகுதிக்கும் சேர்த்து 1 கோடியே 85 லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

சுவர் வெளியே மட்டும் இருந்தால் போதாது. அறைக்கும் அறைக்கும் நடுவிலும் வேண்டும். இதுதான் அந்தப் பாடம்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள்

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. திருடனே வராமல், நம்மை நாமே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வது!

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கலாம். பேஸ்புக்கும் நின்றது. இன்ஸ்டாகிராமும் நின்றது. சுமார் 6 மணி நேரம் உலகமெங்கும் இதே கதை. யாரோ தாக்கிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தக் கம்பெனியே காரணத்தைச் சொன்னது. வழக்கமான பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, தங்கள் கட்டடங்களை இணைக்கும் பாதைகளை எல்லாம் தவறுதலாக அணைத்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. தொலைவில் இருந்தபடி சரிசெய்யலாம் என்றால், போகும் பாதையே இல்லை! என்ஜினீயர்கள் நேரிலேயே போக வேண்டியதாயிற்று.

அது பயர்வாலில் நேர்ந்த தவறு இல்லை. ஆனாலும் பயர்வாலைத் தொடுகிறவர் ஒவ்வொருவருக்கும் அதில் புத்திமதி இருக்கிறது. எந்த வாசல் வழியாகப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறோமோ, அதே வாசலின் விலாசத்தை மாற்றினால், மாற்றிய நொடியில் பேச்சு அறுந்துவிடும். மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவதுபோல!

ஆகையால் அனுபவசாலிகள் சில பழக்கங்களை வைத்திருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைப் பிரதி எடுத்துவைப்பார்கள். பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதனுடன் நேராக இணைத்த திரையில் வேலை செய்வார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள். அது சரியா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள்.

நம் வீட்டுப் பெட்டி

"எங்கள் வீட்டில் பயர்வால் இல்லையே" என்று நினைக்கிறீர்களா? இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியைப் போய்ப் பாருங்கள். அதற்குள்ளேயே ஒரு சின்னப் பயர்வால் இருக்கும். பல பெட்டிகளில் ஒரு துளை மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அல்லது தனியாகப் பெயர் எழுதியிருக்கும். அதுதான் தெரு வாசல்.

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்றே மூன்று. பெட்டியோடு வந்த ரகசியச் சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். விருந்தாளிகளுக்கு என்று தனி வைபை இருந்தால், காமிராவையும் டெலிவிஷனையும் அதில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள். ஒன்றில் "தெரு" என்று எழுதுங்கள். மற்றதில் "வீடு" என்று எழுதுங்கள்.

ஒரு நாள் வீடு பெருக்கும்போது ஒயர்கள் கழன்றுவிடும். பாட்டியோ பேரனோதான் எடுத்துச் செருகுவார்கள். அந்தக் காகிதம் இருந்தால், யார் செருகினாலும் சரியாகவே செருகுவார்கள்.